பின் இடது சக்கரம்

எங்கள் காரைப் பற்றிக் கதை வந்தால் என் கணவர் எஞ்சினில்தான் தொடங்குவார். ஏழு லீட்டர், எட்டுச் சிலிண்டர், கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டியது, கியரும் கையால்தான் போடவேண்டும். கலியாண மண்டபத்துப் பார்க்கிங்கில் மறித்து வைத்து அவர் இதைச் சொல்லாத தமிழர் ரொறன்ரோவில் யாராவது மிச்சம் இருந்தால், அவர்கள் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியவர்களாக இருக்கவேண்டும். நான் பக்கத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நிற்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எஞ்சின் எந்தக் காரில்தான் இல்லை? வளைவில் இந்தக் கார் தரையை விடாமல் போகிறதே, அது எதனால் என்று ஒருவராவது கேட்டால் என்ன? பதில் சொல்லக்கூடிய ஆள், நான், அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

காரின் பெயரை எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்கர்களின் மசில் கார். நேர் ரோட்டில் சத்தம் போட்டுக்கொண்டு பாயும், வளைவு வந்தால் தடுமாறும் என்று அந்த வகைக் கார்களுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. அந்தப் பெயரை மாற்றவென்றே, பந்தய ஓட்டப்பாதையை மனதில் வைத்து இந்தக் காரைச் செய்தார்கள். செய்த எண்ணிக்கை கொஞ்சம்தான். சில காலம் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒஷாவாவில் பூட்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அந்தக் காரின் ஷொக் அப்சோபர்கள் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்கூடத்தில் செய்யப்பட்டன. அங்கே மேசைக்கு முன் நின்று அவற்றைப் பூட்டிய சிலரில் நானும் ஒருத்தி.

ஷொக் அப்சோபர் என்பது சக்கரம் பள்ளத்தில் விழும்போது கார் துள்ளாமல் பிடிக்கிற குழாய். உள்ளே எண்ணெய் இருக்கும். சாதாரணமானவற்றில் அந்த எண்ணெய் மெல்லிய தகடுகளை வளைத்துக்கொண்டு போகும். தகடுகள் வளைகிற விதம் ஒன்றுக்கொன்று மாறும், சூடானால் இன்னும் மாறும். நாங்கள் செய்ததில் தகடு இல்லை. சின்னச் சின்ன யன்னல்கள் வெட்டிய ஓர் உருளை, அதற்குள் வழுக்கி ஓடுகிற இன்னோர் உருளை. யன்னல் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு எண்ணெய்தான் போகும். பெரும்பாலும் பந்தயக் கார்களுக்குச் செய்கிற வேலை அது. அதைக் கொண்டுவந்து நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடுகிற ஒரு காருக்குப் போட்டார்கள். ஒரு தூசி உள்ளே போனாலும் எல்லாம் பாழ். தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு உறை. பூட்டி முடித்ததும் ஒரு மெசினில் மாட்டி மேலும் கீழும் இழுத்துப் பார்ப்போம். திரையில் வரும் கோடு, வரவேண்டிய கோட்டின்மேல் அப்படியே படியவேண்டும். என்னுடையது படியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இல்லை, ஏன் பொய்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்தக் காரைச் செய்வது நின்றுபோய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, நாங்கள் அஜக்ஸில் வீடு வாங்கி வந்திருந்த நேரம், ஒஷாவாவில் ஒருவர் தன்னுடையதை விற்கிறார் என்று மகள் போனில் காட்டினாள். வாங்கத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். கணவர் எல்லாரும் ஏறக்கூடிய ஒரு வான் வாங்குவோம் என்றார்.

"உதில பின் சீற்றில ஆர் இருக்கிறது? முழங்காலை மடிச்சு வாய்க்குள்ள வைக்கோணும்" என்றார்.

"பின் சீற்றில நீங்கள் இருக்கத் தேவையில்லை" என்றேன்.

பழைய சொந்தக்காரர் காரில் ஒன்றையுமே மாற்றாமல் வைத்திருந்தார். அது வீட்டு வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்த அன்றுதான் என் கணவர் தலைகீழாக மாறினார். அதற்குப் பிறகு ஏழு லீட்டர் என்ற சொல் அவர் வாயை விட்டு இறங்கவேயில்லை.

எடையைக் குறைப்பதற்கு அந்தப் பொறியியலாளர்கள் பட்ட பாட்டைப் படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். பின் கண்ணாடியை மெல்லியதாக்கினார்கள். சத்தத்தை அடக்குகிற பஞ்சை உரித்து எடுத்தார்கள். ஏசி வேண்டுமானால் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதுவும் சீற் பெல்ற் போடாவிட்டால் கத்துவதற்கு. டிக்கிக்குள் கம்பளம்கூட இல்லை, வெறும் தகரம். ரயர்கள் ரோட்டைப் பிடித்த பிடியில் சக்கரம் ரயருக்குள்ளேயே வழுக்கிச் சுற்றியதாம். அதைத் தடுக்கச் சக்கரத்தின் விளிம்பைச் சொரசொரப்பாக்கினார்கள். இப்படிக் கிராம் கிராமாகக் கழித்துச் செய்த காரில் ஒருவரும் அரிசி மூட்டை ஏற்றக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். தமிழ்க் கடைக்குப் போவதென்றால் எங்கள் மற்றக் காரில் போகவேண்டும். "ஓமோம்" என்றார் கணவர்.

ஆனாலும் எனக்குள் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. நான் பூட்டியவை பெட்டிக்குள் போய் ஒஷாவாவுக்கு லொறியில் ஏறிவிடும், அதோடு சரி. பிறகு சொந்தமாக ஒன்று வந்தும் அதை 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துதான் பார்த்திருக்கிறேன். மெசினில் கோடு படிந்தது உண்மை. ஓட்டப்பாதையில் அது என்ன செய்யும்? என் கைவேலை உண்மையிலேயே நல்லதா, இல்லை நானே எனக்குச் சொல்லிக்கொண்ட கதையா? இது எனக்குத் தெரியவேண்டியிருந்தது. கோடை தொடங்கியதும் மகள் என் பெயரைப் பதிந்துவிட்டாள். ஒஷாவாவுக்கும் அப்பால் ஓர் ஓட்டப்பாதையில், சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டக்கூடிய ஒரு நாள்.

மூன்று பேரும் போனோம். காலையில் பாதையில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள். எங்களுடையதைச் சோதித்தவர் நரைத்த மீசைக்காரர், நல்ல மனிதர், காரைக் கண்டதும் அவருடைய முகமே மலர்ந்துவிட்டது. ஜாக்கில் தூக்கி, ரோர்ச் அடித்து, சக்கரம் சக்கரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பின் இடது பக்கம் வந்ததும் நின்றார். கையை உள்ளே விட்டு எடுத்தார். விரல் மினுங்கியது.

பின் இடது ஷொக் கசிகிறது என்றார். இப்படியே பாதைக்கு விட முடியாது, எண்ணெய் ரயரில் பட்டால் ஆபத்து. இதே ஷொக் இப்போது கிடைப்பதும் கஷ்டம், நிறையப் பேர் இதைக் கழற்றிவிட்டுச் சாதாரணமானதைத்தான் போடுகிறார்கள் என்று ஆறுதல் போலச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

நான் குந்தி உள்ளே பார்த்தேன். குழாய் முழுக்க எண்ணெய் படிந்து, அதன்மேல் ரோட்டுத் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. கைக்கு வந்த துணியால் மூடியும் குழாயும் சேருமிடத்தைத் துடைத்தேன். உள்ளிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு பிள்ளையார் சுழி வந்தது.

அதைப் போட்டது நான். மூடியைத் திருகி இறுக்கியதும், பிறகு அது அசைந்ததா என்று தெரிவதற்காக மூடிக்கும் குழாய்க்கும் குறுக்கே பெயின்ரால் ஒரு கோடு இழுப்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் நேர்கோடு இழுப்பார்கள். எந்தத் தாளை எடுத்தாலும் மேலே சுழி போட்டுப் பழகிய என் கை, என்னைக் கேட்காமலே சுழியைப் போட்டுவிட்டது. மேற்பார்வையாளர் உற்றுப் பார்த்தார். இரண்டையும் தொட்டால் போதும், மிச்சம் உன் விருப்பம் என்று போய்விட்டார். தொடக்கத்தில் போடவேண்டியதை முடிவில் போடுகிறீரே என்று கணவர் அப்போது சிரித்தார். காருக்கு அதுதானே தொடக்கம் என்று நான் சொன்னேன்.

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொருத்தர் பூட்டியதாக இருந்திருந்தால் சரி, பழசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். இது என்னுடையது. கார்களைப் பற்றி இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவள் செய்தது, என் கண்முன்னாலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, பக்கத்தில் மகள் நின்றிராவிட்டால் அழுதிருப்பேன்.

மகள் என் கையிலிருந்த துணியை வாங்கினாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அம்மா, வெயிற். இதை ஸ்மெல் பண்ணிப் பாருங்கோ" என்றாள். "தோசை மணக்குது."

வாங்கி மணந்து பார்த்தேன். ஷொக்குக்குள் ஊற்றுகிற எண்ணெய் மூக்கில் குத்தும். இது குத்தவில்லை. சந்தேகமேயில்லை, நல்லெண்ணெய்! நான் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் வானத்தில் ஏதோ பறவையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ" என்றேன். "டிக்கியில என்ன வச்சனீங்கள்?"

"எப்ப?"

"எப்பவெண்டாலும்!"

அவர் கழுத்தைத் தடவினார். "ஒருக்கால்தான். கடையில நல்லெண்ணெய் மலிவு எண்டாங்கள். வாற வழியில ஹைவேயால இறங்கிற அந்த ராம்ப் வளைவில போத்தில் விழுந்திட்டுது. மூடி சரியில்லை. நான் துடைச்சனான்."

"எதால?"

"ரிஷ்யூவால. உமக்குச் சொன்னால் கத்துவீர் எண்டுதான் சொல்லேல்ல. உது கொஞ்சம்தான் ஊத்துண்டது."

"அரிசியும் ஏத்தினனீங்களோ?"

அவர் மறுபடியும் பறவையைத் தேடத் தொடங்கினார். எனக்கு விளங்கிவிட்டது. மனிதர் கடைப் பார்க்கிங்கில் நாலு பேர் பார்க்க இந்தக் காரில் போய் இறங்கவேண்டும் என்பதற்காகவே சாமான் வாங்கப் போயிருக்கிறார். வேறு எந்தக் காராக இருந்தாலும் சிந்திய எண்ணெயைக் கம்பளம் குடித்திருக்கும். இதில்தான் கம்பளம் இல்லையே. வெறும் தகரத்தில் ஓடி, தகரத் துளையை மூடிய ரப்பர் அடைப்பின் ஓரத்தால் இறங்கி, நேரே கீழே இருந்த ஷொக்கின் தலையில் வழிந்திருக்கிறது. நான் கத்தினேன். ஓட்டப்பாதைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஆனால் உண்மையைச் சொன்னால், கலியாணம் முடித்த நாள் தொட்டு அவர் செய்த எந்தக் காரியத்துக்கும் நான் உள்ளூர இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

மீசைக்காரருக்கு மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அவர் துணியை மணந்து பார்த்தார், தலையாட்டினார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் நான் அவரை மதித்திருக்கமாட்டேன். மேலே எண்ணெய் சிந்தியது என்பதற்காக உள்ளே கசியவில்லை என்று ஆகிவிடாது, முதலில் சுத்தமாகக் கழுவுங்கள் என்றார். பிறகு பின்புறத்துக் கரடுமுரடான சரளைத் தரையில் நன்றாகக் குலுக்கி ஓட்டிவிட்டு வாருங்கள், காய்ந்திருந்தால் பார்க்கலாம் என்றார்.

டிக்கியையும் ஷொக்கையும் கணவரைக் கொண்டே கழுவித் துடைப்பித்தேன். வெள்ளைச் சேர்ட் கறுப்பாகியது. பிறகு நான் தனியாக ஏறி, சரளையில் ஒரு பள்ளமும் விடாமல் ஓட்டினேன். திரும்பி வந்ததும் மீசைக்காரர் ஜாக்கைப் போட்டார். கசிந்தால் இன்றைக்குத் தெரிந்துவிடும், பிறகு எந்தச் சாட்டும் சொல்ல முடியாது. அவர் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக் குழாயை மேலிருந்து கீழே இழுத்தார். துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அதை அப்படியே என் கையில் தந்தார். பால் போல வெள்ளையாக இருந்தது.

புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து வழி சொல்லவேண்டும். அன்றைக்கு எனக்கு அவரே ஏறினார். முதற் சுற்று மெதுவாகப் போனேன். இடதுபக்கம் திரும்புகிற ஒரு வளைவின் உள் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையும் அடித்த சீமெந்து மேடு ஒன்று இருந்தது. அதில் ஏறாதே, இந்த வேகத்தில் ஏறினால் பின்பக்கம் துள்ளி வெளியே இழுக்கும் என்றார். நானும் நல்ல பிள்ளையாக விலகிப் போனேன்.

அடுத்த சுற்றில் விலகவில்லை. வேண்டுமென்றுதான். பின் இடது சக்கரம் மேட்டில் அடித்தது. ஏறியது தெரிந்தது, இறங்கியது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமேயில்லை. ஒரு துள்ளல், ஓர் ஆட்டம், ஒன்றும் இல்லை. கார் அப்படியே உட்கார்ந்துகொண்டு வளைவை முடித்தது. யன்னல் திறந்து எண்ணெய் போய், மூடியதை என் முதுகெலும்பில் உணர்ந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், நம்பாவிட்டால் போங்கள். ஹெல்மெற்றுக்குள் கண்ணீர் வந்து கன்னத்தில் ஒழுகியது. துடைக்க வழியில்லை. கம்பி வேலிக்குப் பின்னால் அழுக்குச் சேர்ட்டோடு என் கணவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார்.

மூன்றாம் சுற்றிலும் ஏறினேன். மீசைக்காரர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி, ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டில் ஏறத் தேவையில்லை என்றார்.

"எனக்குத் தேவை" என்றேன். "அந்த ஷொக் நான் செய்தது."