சிதறால் குன்றில் ஓர் எண்ணெய்க் குப்பி

சிதறால் குன்றின் பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. கீழே தென்னையும் ரப்பரும் மேற்குத் தொடர்ச்சி மலைவரை விரிந்து கிடக்கின்றன. ஒரு பெண் குதிகாலை உயர்த்தி, ஒரு சிலையின் முழங்காலில் எண்ணெய் தடவ முயல்கிறாள். காவலாளி ஓடி வருகிறார்.

“ஏட்டி, தொடாத! கல்லு கெட்டுப் போவும்.”

ரப்பர் பால் வெட்டப் போன அவள் கணவனுக்குச் சறுக்கி விழுந்து முழங்கால் முட்டு ஒடிந்ததாம். மாவுக்கட்டைப் பிரித்து ஒரு மாதமாகியும் அவனால் காலூன்ற முடியவில்லை. அதற்காக நேர்ந்துகொண்ட எண்ணெய் இது. தொன்மைச் சின்னங்களைக் காக்க மேடைகளில் வாதாடி வென்றவன் நான். எண்ணெயில் தூசு படிந்து கல் அரிக்கும் என்கிறேன். அனைத்தையும் துறந்த இந்தத் தீர்த்தங்கரர் எண்ணெயை விரும்பார் என்றும் எடுத்துரைக்கிறேன்.

“செரி தம்பி. ஆனா நான் நேந்தாச்சே?”

நான் காவலாளியைப் பார்க்கிறேன்.

“உள்ள பகவதிக்க வெளக்குல ஊத்து,” என்கிறார் காவலாளி, பக்கத்துக் குகைக் கோயிலைக் காட்டி.

“ஏன், வெளக்குக்கா முட்டு ஒடிஞ்சு கெடக்கு, அண்ணாச்சி?”

காவலாளி சிரித்துவிடுகிறார். “அப்பம், எண்ணெயச் செலைக்குத் தொடாம காட்டிட்டுப் போ. வீட்டுல போயி அவனுக்குத் தேச்சு விடு.”

அவள் கை அவ்வளவு உயரம் எட்டவில்லை. “தம்பி, நீ நெடிய ஆளுல்லா? கொஞ்சம் பிடி.”

குப்பியை வாங்கி, சிலையின் முழங்காலுக்கு ஒரு விரற்கடை தள்ளி உயர்த்திப் பிடிக்கிறேன். அவள் கண்மூடிக் கணவன் பெயரை முணுமுணுக்கிறாள். என் கை கடுக்கத் தொடங்குகிறது. அவள் கண் திறக்கும்வரை அதைத் தாழ்த்துவதாக இல்லை.