பாதி செதுக்கிய ஜாடி

மூர்த்தி இறந்த செய்தியை அவர் மனைவி கமலா என் ஆபீசுக்கே போன் செய்து சொன்னார். "காலையில போயிட்டார். உங்க கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க." அவர் அழவில்லை. நானும் சரி என்று போனை வைத்துவிட்டு, மீட்டிங்கை முடித்த பிறகே கிளம்பினேன். மூர்த்திக்கு அது தப்பாகப் பட்டிருக்காது.

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்கள் புதன்கிழமை மண்பாண்ட வகுப்புக்கு வந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். சன்னிவேலில் சிப் கம்பெனி எஞ்சினியர். மியூசியம் ஒன்றில் பழைய வடசீன ஜாடியைப் பார்த்துவிட்டு வந்து, நாங்களெல்லாம் காபிக் கோப்பை செய்துகொண்டிருக்க, அவர் அந்த முறையையே பிடித்துக்கொண்டார். சாம்பல் நிற மண்ணில் ஜாடி; மேலே வெள்ளை மண்குழம்புப் பூச்சு; ஈரம் காயும் முன் வெள்ளையைச் சுரண்டி எடுத்தால் பூ நிற்கும். "சிப் செய்யற எங்க ஃபேப்லயும் இதான் பண்றோம். லேயர் போடு, வேண்டாததை எட்ச் பண்ணி எடு. சீனாக்காரன் எப்பவோ பண்ணிட்டான்" என்பார்.

முதல் தடவை நான் தாமரையைக் கோடு கோடாகக் கீறிவிட்டேன். மார்கழியில் வாசலில் பழகிய கை. அவர் எட்டிப் பார்த்தார். "கோலம் போடறீங்க, ராதா. பூவை விட்டுட்டு சுத்தி இருக்கறதை எடுங்க." பிறகு எனக்கு நன்றாகவே வந்தது. ஒரு நாளும் பாராட்டியதில்லை. எனக்கு அதில் எரிச்சல்தான்.

கடைசியாக ஒரு பெரிய ஜாடியில் இறங்கினார். பாதி செதுக்கியிருந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "காஞ்சுட்டா கத்தி வச்சதும் பூச்சு பேந்துடும். ஈரமா மட்டும் வச்சிருங்க, நான் வந்து முடிக்கறேன்." வாரா வாரம் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி, மௌரி அவென்யூ மளிகைக்கடைப் பையால் மூடி வைத்தேன். அவர் வருவார் என்று நிஜமாகவே நம்பினேன்.

காரியங்கள் முடிந்ததும் அவர் மகள், "யூ ஃபினிஷ் இட், ஆன்ட்டி" என்றாள். மீதிப் பூக்களையும் அவர் ஊசியால் லேசாகக் குறித்து வைத்திருந்தார்; முடிப்பது கஷ்டமில்லை. கத்தியை எடுத்தேன். அவர் நிறுத்திய இடத்துக்கு மேல் என் கை போகவில்லை.

போன வாரம் பையையும் துணியையும் எடுத்துவிட்டேன். ஒரு பக்கம் பூவும் மறு பக்கம் வெறும் வெள்ளையுமாக அது சூளைக்குப் போகும். பிறகு மகளிடம் போய்விடும். என்னிடம் மிஞ்சியது புதன்கிழமைப் பழக்கம்தான். இந்த வாரமும் போனதும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை நிரப்பினேன். ஜாடிக்கு அருகில் போன பிறகுதான், அது காய வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.