ரூல்ஃபீனுக்கு அடித்த மணி

டிரென்டே மாகாணத்தில் எங்கள் ஊரில் யாராவது செத்தால், சர்ச் மணியை அடிப்பது பக்கத்து வீட்டுக்காரரின் கடமை. சண்டைக்காரனாக இருந்தாலும் அவன்தான் அடிக்க வேண்டும். ரூல்ஃபீனுக்கு அதுதான் தலைவலி. அவளுக்குப் பக்கத்து வீடு லம்மர்ட்.

அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வயல் நடுவே இருக்கிற ஆதிகாலத்துக் கல்லறையான கல்திட்டையைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "மேல மூடின கல்லுல ஒண்ணைக் காணோம் பாருங்க. அது சர்ச் அஸ்திவாரத்துல கிடக்கு. தூக்கிட்டுப் போனது லம்மர்ட்டோட முப்பாட்டனுங்க" என்பாள். சர்ச் சாவி தலைமுறை தலைமுறையாக லம்மர்ட் வீட்டில்தான் இருக்கிறது. மனுஷனுக்குப் பொறுக்குமா? அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

எழுபது தாண்டியதும் அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "அந்த ஆளு எனக்கு மட்டும் மணியை ஏனோதானோன்னு இழுத்துட்டுப் போயிட்டா?" என்று என்னிடம் புலம்பினாள். செத்த பிறகு எழுந்து வந்தா கேட்க முடியும்? உயிரோடு இருக்கும்போதே தன் சாவு மணியைக் காதால் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கெட்டிக்காரிதான், புத்திதான் கோணல்.

ஒரு நாள் காலை, ஜன்னல் திரைகளை விலக்காமல் விட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கில் காபியோடு சைக்கிளில் போய்க் கல்திட்டைக்குள் பதுங்கினாள். எங்கள் ஊரில் விடிந்த பிறகும் திரை மூடிக் கிடந்தால் உள்ளே சாவு என்று அர்த்தம். லம்மர்ட் அவள் வீட்டுப் பின்கதவு வழியாக உள்ளே போனார். வெளியே வந்தார். நேரே சர்ச்சுக்கு நடந்தார்.

மணி நிதானமாக ஒலித்தது. ஒவ்வோர் அடியும் அடங்கிய பிறகே அடுத்த அடி. போதகர் செத்தபோதுகூட அவர் அப்படி அடிக்கவில்லை. கல்லுக்கடியில் உட்கார்ந்து ரூல்ஃபீன் தேம்பித் தேம்பி அழுதாளாம்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினால், சமையலறை நிறைய நாங்கள். உலர்திராட்சை ரொட்டியோடு துக்கம் விசாரிக்க வந்திருந்தோம். அவளைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பேன். லம்மர்ட் மட்டும் அசையாமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"செத்தவ சைக்கிளையும் ஃபிளாஸ்க்கையுமா எடுத்துட்டுப் போவா?" என்றார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தெரிஞ்சுதான் அடிச்சியா?" என்றாள் அவள்.

"உனக்கு அடிக்க வேண்டியதை அடிச்சாச்சு. இன்னொரு தடவை என்னால ஆகாது. அதனால நீ சாகாம இரு."

ரூல்ஃபீன் ரொட்டியில் பெரிய துண்டாக வெட்டி அவர் தட்டில் வைத்தாள்.

கல்திட்டைக்கு வருகிறவர்களிடம் இப்போதும் கல் திருடுபோன கதையைச் சொல்லத்தான் செய்கிறாள். திருடியது யார் என்று கேட்டால் மட்டும், தனக்குத் தெரியாது என்கிறாள்.