மடி வரை வந்த தண்ணீர்

தனியார் ஜெட் விமானங்களில் பதினோரு வருடம் கேபின் அட்டெண்டென்ட்டாக இருந்தேன். இப்போது அதே வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எட்டு சீட் விமானத்தில் நமக்கு ஜோடி கிடையாது. முன்னால் இரண்டு பைலட்டுகள், கேபினில் நாம் ஒரே ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. புகை ட்ரில்

முதல் நாள் பயிற்சியிலேயே என்னை ஃபெயில் ஆக்கினார்கள். விமானத்தின் உள்புறம் போலக் கட்டிய கூண்டில் ஆறு பேரை உட்காரவைத்து, புகையை விட்டு, வெளியேற்றச் சொன்னார்கள். நான் "ப்ளீஸ், எழுந்திருங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. புகை கலைந்ததும் பயிற்சியாளர் ஷீலா மேடம் உள்ளே வந்தார்.

"காபி வேணுமானு கேக்குற குரல்ல பேசுற. நெஜ ஆபத்துல நெறைய பேரு ஓட மாட்டாங்க, கத்த மாட்டாங்க. பொம்மை மாதிரி உக்காந்திருப்பாங்க. அதட்டணும். அப்பவும் எழலன்னா புடிச்சுத் தள்ளணும்."

நான் அதை நம்பவில்லை. சீட்டுக்கடியில் தீ பிடித்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? ஆனாலும் அதட்டப் பழகி, மறுவாரம் பாஸ் செய்தேன்.

2. பசியாவரம் போகும் வழியில்

எங்கள் வீடு ஏரிக்கரையில், தோணிரேவில். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம், தை மாதம் லீவில் வந்திருந்தேன். ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் கட்டிக்கொடுத்த அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துவிட்டு வரலாம் என்று நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) நானும் காலை எட்டு மணிக்கு ஃபைபர் போட்டில் ஏறினோம். ஓட்டியவர் தேசப்பண்ணன். எங்களோடு இன்னும் ஏழு பேர்.

பனி அடர்ந்து இரு கரையும் மறைந்திருந்தன. பாதி வழியில், வலை கட்ட வரிசையாக நட்டிருந்த கழிகளில் ஒன்றில் போட் மோதியது. பெரிய சத்தம்கூட இல்லை. எஞ்சின் நின்றது. அடியில் விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அந்த இடத்தில் மார்பளவு ஆழம்தான், இடப்பக்கம் மணல்மேடும் இருந்தது. ஆனால் நீரோட்டம் எங்களை, ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே போனால் கால் ஊன்ற நிலை கிடையாது.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. எதிரே இருந்த அம்மாள் காலடியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் மடிக்கு வந்ததும் பையைத் தோளுக்கு உயர்த்தினார், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருவர் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வருடம் ஏரியிலும் கடலிலும் கிடந்த என் நைனா, இமைக்காமல் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்திரி! இடது பக்கம்! குதி!" என்று கத்தினேன். அம்மாளின் பையைப் பிடுங்கி எறிந்தேன். அவர் எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். தேசப்பண்ணன் கயிற்றோடு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராக வாங்கி மேட்டுப் பக்கம் அனுப்பினார்.

நைனா மட்டும் அசையவில்லை. உலுக்கினேன். காதருகே கத்தினேன். கடைசியில் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் தள்ளினேன். மல்லாக்க விழுந்தார். தலை நனைந்ததும், தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல நீந்தத் தொடங்கினார். கடைசியாக நான் குதித்தபோது காலுக்குத் தரை எட்டவில்லை. கயிற்றைப் பிடித்துத்தான் மேடேறினேன்.

எண்ணிப் பார்த்தேன். பத்துப் பேரும் இருந்தோம். போட் சத்தமில்லாமல் பனிக்குள் போய் மறைந்தது.

3. தேசப்பண்ணன் சொன்னது

மறுநாள் தேசப்பண்ணன் வீட்டுக்கு வந்தார். ஊரே என்னைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரம். தண்ணீர் ஏறிய உடனே நான் கத்தியதால்தான் எல்லோரும் பிழைத்தோம் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் நைனாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஒடனே கத்துனது நான்மா, கௌரி. எறங்குங்க, மேடு பக்கத்துல கீதுன்னு மூணு வாட்டி கத்துனேன். நீ என்னத் திரும்பிப் பாத்து சிரிச்ச. அப்புறம் கைய மடில வச்சிக்கினு உக்காந்துட்ட."

எனக்கு அது நினைவில் இல்லை. அவர் குரல் என் காதில் விழுந்ததாகவே இன்றுவரை நினைவு இல்லை. நைனாவிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"நீ சிரிச்சினுதான் இருந்த. இதுக்குன்னே படிச்ச பொண்ணு, ஒண்ணுமில்லன்னுதான் சிரிக்குதுன்னு நெனச்சேன். எல்லாரும் உன்னத்தான் பாத்துனு இருந்தாங்க."

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் கழிகளின் வரிசை முழுவதையும் தாண்டிவிட்டோம் என்று மட்டும் தேசப்பண்ணன் சொன்னார்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இதை மறைக்காமல் சொல்கிறேன். என்னை எது எழுப்பியது என்று கேட்கிறார்கள். தெரியாது என்பதுதான் பதில். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். டேக்-ஆஃபுக்கு முன்பும் லேண்டிங்குக்கு முன்பும் முப்பது நொடி சைலண்ட் ரிவ்யூ செய்யச் சொல்வார்கள்: எந்த எக்ஸிட், யாருக்கு உதவி, முதல் சொல் என்ன என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. அதுவரை அதைப் பரீட்சைக்குப் படித்தது போலத்தான் செய்துவந்தேன். போட்டில் அதையும் செய்யவில்லை. லீவில் இருக்கிறேன் என்ற நினைப்பு.

இப்போது பஸ்ஸிலும் செய்கிறேன். நீங்களும் விடாதீர்கள். என் முதல் சொல் "கௌரி, எந்திரி". அதைச் சொல்லிவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன், நான் சிரித்துக்கொண்டிருக்கிறேனா என்று.