இரண்டாவது வீடியோ

எங்கள் வீட்டில் பின்னேரத் தேத்தண்ணி சண்டையோடுதான். அப்பா பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒரு செய்தியை உரத்து வாசிப்பார். தம்பி அதற்கு எதிராக ஏதாவது சொல்லுவான். பிறகு தேத்தண்ணி ஆறும்வரை இரண்டு பேரும் கதைதான். நான் நண்டு உடைக்கிற கொம்பனியில் வேலை முடிந்து வந்து கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு கேட்பேன். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்த மணம் போகாது.

அப்பா கடல்தொழில். காங்கேசன்துறைக்குக் கிட்ட வீடு. சண்டைக்கு நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்திலேயே அம்மா செத்துப்போனா. நான் பத்தாம் வகுப்போடு நின்றேன். தம்பி நிற்கவில்லை. பட்டம் எடுத்து, இப்போது முதுமாணி படிக்கிறான். அரசியல் விஞ்ஞானம். டியூட்டரியில் படிப்பித்து அந்தக் காசில் கம்பஸுக்குக் கட்டுகிறான்.

"அரசியலிலை என்னடா விஞ்ஞானம்?" என்பார் அப்பா. "வோட்டை எண்ணுறதுக்கு விஞ்ஞானம் வேணுமே?"

"எண்ணுறதுக்கு இல்லையப்பா. ஒவ்வொருமுறையும் ஒரே ஆளுக்குப் போட்டிட்டு அந்தாளையே திட்டுறியள். ஏனெண்டு கண்டுபிடிக்க."

"அதுக்குக் கம்பஸ் ஏன்? என்னைக் கேளன், சொல்லுறன்."

"சொல்லுங்கோ பாப்பம்."

"மற்றவன் அதைவிட மோசமடா."

இப்படித்தான் போகும். அப்பா ஏதாவது சொல்லித் தம்பி அதற்கு ஓம், சரி என்றதை நான் கண்டதில்லை.

மாரி தொடங்க அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கழுத்தில் கட்டி. இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் எடுத்தார்கள், புற்று என்று சொன்னார்கள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடலுக்குப் போகலாமோ?"

"இப்ப ஏலாது ஐயா" என்றார் டொக்டர்.

அப்பா சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் இலவசம், சாப்பாடு இலவசம். ஊசிதான் இல்லை. அப்பாவுக்கு வேண்டிய ஊசி வருவது நின்றுபோயிருந்தது. வெளியில் வாங்கிக்கொண்டு வந்தால் போடுவோம் என்றார்கள். டொக்டரில் பிழை சொல்ல மாட்டேன். அவரே பார்மசிகளுக்குப் போன் எடுத்து விலை விசாரித்தார். முதல் ஊசிக்குப் படகு எஞ்சினை விற்றோம். இரண்டாவதற்கு என் சங்கிலியும் காப்பும். இன்னும் நாலு போட வேண்டும். இடையில் விட்டால் கட்டி திரும்ப வரும், பிறகு இந்த ஊசி பிடிக்குமோ தெரியாது என்றார் டொக்டர்.

தம்பி படிப்பை நிற்பாட்டப் பார்த்தான்.

"நீ அதை நிப்பாட்டினா நான் ஊசியை நிப்பாட்டுவன்" என்றார் அப்பா. அந்தக் கதை அதோடு முடிந்தது.

நண்டுக் கொம்பனியில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவள்தான் வீடியோக்காரப் பெடியனைப் பற்றிச் சொன்னாள். நோய் வருத்தம் வந்த ஆட்களின் வீட்டுக்கு வந்து வீடியோ எடுத்துப் போடுவான். வெளிநாட்டில் இருக்கிற எங்கடை சனம் பார்த்துவிட்டுக் காசு அனுப்பும். அவளின் சித்தப்பாவுக்குக் கால் எடுத்தபோது அப்படித்தான் கட்டைக்கால் கிடைத்ததாம். நான் அவனுக்குப் போன் எடுத்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. உவங்கள் சனத்தின்ரை பசியை விக்கிறாங்கள் என்று அவன் தேத்தண்ணிக் கதையில் பலமுறை சொன்னவன்.

வீடியோக்காரன் ஒரு அரிசிப் பையோடு வந்தான். நல்ல மரியாதையான பெடியன். சீமெந்து பூசாத சுவர்ப்பக்கம் அப்பாவை இருத்தினான். போனுக்குள்ளால் பார்த்தான்.

"அக்கா, அந்தப் பிரிட்ஜை ஒரு துணியாலை மூடுவமே? வசதி மாதிரித் தெரியுது."

"அது வேலை செய்யாது."

"அது வீடியோவிலை தெரியாதே அக்கா."

சரி என்று ஒரு சீலையைப் போட்டு மூடினேன்.

"ஐயா, உங்கடை கஷ்டத்தைச் சொல்லுங்கோ."

"வருத்தம். ஊசி வேணும்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

"கொஞ்சம் மனம்விட்டுக் கதையுங்கோ ஐயா. பாக்கிறவைக்கு இரக்கம் வரவேணும்."

"வராட்டி நான் என்ன செய்ய?"

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்துவிட்டான். வாசலில் நின்று சீலை மூடின பிரிட்ஜைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வீடியோக்காரனை வெளியில் கலைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஹெல்மெற்றைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். என்ன வருத்தம், என்ன ஊசி, ஏன் வெளியில் வாங்க வேண்டும் என்று எல்லாம் சொன்னான். கும்பிட்டுக் கேட்டான்.

"அண்ணை நல்லாக் கதைக்கிறார்" என்றான் வீடியோக்காரன்.

மூன்றாவது ஊசிக்குக் காசு வந்தது. அதோடு பிரச்சினையும் வந்தது. பார்த்தவர்களில் ஆரோ தம்பியை அடையாளம் கண்டுவிட்டார்கள்.

அங்கால் இந்தியக் கரையில் இருந்து வருகிற இழுவைப் படகுகள் எங்கள் ஆட்களின் வலையை அறுத்துக்கொண்டு போகிறது இங்கே புதினமில்லை. அதற்காக எங்கள் தொழிலாளர் றோட்டில் போராட்டம் இருந்தபோது தம்பியும் போய் மைக்கில் பேசினவன். "வெளிநாட்டிலை இருந்து காசு அனுப்புறியள். ஆருக்கு வோட்டுப் போடவேணும் எண்டும் சொல்லி அனுப்புறியள். வலை அறுந்தா ஒருதரும் வாய் திறக்கிறேல்லை. கடலுக்குப் போறது நாங்கள். வோட்டையும் நாங்களே யோசிச்சுப் போடுறம்." அன்றைக்குச் சனம் கைதட்டினது. ஆரோ அதை எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். இப்போது அது எல்லாப் போனிலும் ஓடியது. கீழே எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"எங்களைத் தேவையில்லை எண்டவன் உவன்தானே? இப்ப எங்கடை காசு இனிக்குதோ?"

காசு நின்றுவிட்டது.

வீடியோக்காரன் திரும்பவும் வந்தான். இந்தமுறை அரிசிப் பை இல்லை. கதிரை நுனியில் இருந்தான்.

"ஐயா, என்னோடை கோவிக்காதையுங்கோ. அங்கை வெளிநாட்டிலை ஒராள் மிச்ச ஊசி முழுக்க வாங்கித் தரலாம் எண்டு நிக்கிறார். அண்ணை ஒரு வீடியோவிலை மன்னிப்புக் கேட்டாச் சரியாம். அது தன்ரை கதை இல்லை, ஆரோ எழுதிக் குடுத்ததைத்தான் வாசிச்சனான் எண்டு சொல்லட்டாம்."

அப்பாதான் கேட்டார்.

"மன்னிப்பு நான் கேக்கிறன். பெத்தது நான்தானே?"

"உங்களைக் கேக்கேல்லை ஐயா."

"அப்ப வேண்டாம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவன் குடித்துவிட்டுப் போனான். அடுத்த ஊசிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. அப்பா அறுந்த வலையைப் பொத்தப் போய் இருந்தார். எஞ்சின் இல்லை, கடலுக்குப் போக உடம்பும் இல்லை. வலையைப் பொத்தினார். கழுத்தில் ஊசிக்கு வற்றியிருந்த கட்டி தொட்டால் தெரிகிற மாதிரித் திரும்ப வரத் தொடங்கியது. எனக்குத் தெரிந்தால் தம்பிக்கும் தெரிந்திருக்கும்.

அப்பா இரத்தம் எடுக்க கிளினிக்குக்குப் போன அன்று காலமை தம்பி முகம் வழித்து, டியூட்டரிக்குப் போடுகிற நீலச் சேட்டைப் போட்டான். வீடியோக்காரன் முன்னமே முருங்கைக்குக் கீழே வந்து நின்றான். தம்பிதான் வரச் சொல்லியிருக்கிறான்.

"அக்கா, நீ உள்ளை போ."

நான் போகவில்லை.

அவன் ஒரே மூச்சில் சொன்னான். அது என்ரை கதை இல்லை. ஆரோ எழுதித் தந்ததை வாசிச்சனான். தெரியாமல் செய்திட்டன். எல்லாரும் மன்னிக்க வேணும்.

வீடியோக்காரன் போட்டுப் பார்த்தான்.

"சத்தம் கொஞ்சம் குறைவு அண்ணை. இன்னொருக்காச் சொல்லுவமே?"

தம்பி இன்னொருக்காச் சொன்னான். உரத்துச் சொன்னான். பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற மனுசி திரும்பிப் பார்த்தா.

ஊசி வந்தது. சொன்ன திகதிக்குப் போட்டார்கள். பிறகு மிச்சமும் போட்டார்கள். கட்டி இறங்கியது. டொக்டர் நல்லது என்றார்.

இறங்குதுறையில், ஆர் எழுதிக் குடுத்ததாம் என்று என்னைக் கேட்டார்கள். சிலர் பகிடிக்கு, சிலர் உண்மையாகவே. தம்பியின் போன் முந்தி அடித்தபடியே இருக்கும். கூட்டம், அறிக்கை, நோட்டீஸ் என்று. இப்போது அடிப்பதில்லை. படிப்பை விடவில்லை. மேசையில் இருந்து எழுதுகிறான். கேட்டால் "முடியப்போகுது அக்கா" என்கிறான்.

அப்பாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. கிளினிக்கில் பக்கத்து வாங்கில் இருந்த ஆள் அந்த மன்னிப்பு வீடியோவைப் போனில் காட்டியிருக்கிறார். அன்றைக்கு வந்து சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தவர் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.

சில நாளைக்குப் பிறகு பின்னேரம் பேப்பரோடு வந்து இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"டேய், இதைக் கேள். இழுவைப் படகுப் பிரச்சினை பெரிசில்லையாம். எங்கடை ஆக்கள்தான் கூட்டிச் சொல்லுறவையாம். தேர்தலுக்கு நிக்கிறவர் சொல்லியிருக்கிறார்."

தம்பி தேத்தண்ணியைக் குடித்தான்.

"சரியாத்தான் சொல்லியிருக்கிறார் என்னடா?" என்றார் அப்பா. இழுவைப் படகுக்கு இரண்டு தரம் வலையைப் பறிகொடுத்தவர் அவர்.

"ஓம் அப்பா."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். தம்பி கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு டியூட்டரிக்குப் போனான்.

அடுத்த நாளும் அப்பா பேப்பரை எடுத்தார். பக்கத்தைத் திருப்பித் திருப்பி, முதல்நாளையதைவிட மோசமான ஒரு செய்தியாகத் தேடித் தம்பிக்குக் கேட்க உரத்து வாசித்தார்.