காரம் தொடாத பிள்ளைக்கு அசிடிட்டி மருந்து

நாங்கள் கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயிகள். காய்ச்சலுக்காக மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, “பாப்பா என்ன சாப்பிடுவா?” என்றார் டாக்டர்.

“முண்டு வத்தல் போடுறவுக நாங்க, காரம் தூக்கலாத்தான் இருக்கும்” என்றார் என் கணவர், பெருமையாக. உடனே அசிடிட்டி மருந்தும் எழுதப்பட்டது.

சொட்டுச் சொட்டாக இறங்கிய குளுக்கோஸைப் பார்த்தபடி, களத்தில் காயும் வத்தலின் சிவப்புக்குள் மிதப்பதுபோல் அரைத்தூக்கத்தில் இருந்தேன். அந்த மருந்து எதற்கென்று கேட்கத் தோன்றவில்லை.

வீட்டிலும் அந்த அசிடிட்டி சிரப் தொடர்ந்தது. மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது.

“வயித்துல கிருமியைக் கொல்ற அமிலத்தை இது குறைச்சிரும்மா, அதனாலயும் இருக்கலாம். நெஞ்செரிச்சல் இருந்துச்சா? காரம் சாப்பிடுவாளா?” என்று கேட்டார் வேறொரு குழந்தை டாக்டர்.

“எனக்குத் தயிர்ச்சோறுதான் பிடிக்கும்” என்றாள் மகள்.

சிரப்பை நிறுத்தச் சொன்னார். தேறிவிட்டாள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு மருந்துக்கும் “இது எதுக்கு?” என்று கேட்கிறேன். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால், என் கணவர் வாய் திறக்குமுன் மகளைப் பேசவிடுகிறேன்.