காற்றைப் பிடிக்கும் பஞ்சு

காற்றைச் சோதிக்கிறவர்களுக்குக் காற்றைவிட மனிதர்களிடம்தான் வேலை அதிகம். இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள், நடுவே வட்டமாக ஒரு நுரைப்பஞ்சு. இதை வீட்டுக்கு வெளியே தொங்கவிட்டு, சில மாதம் கழித்துப் பஞ்சை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். என்றோ அடித்த பூச்சிமருந்தும், மெத்தை, சோபாவில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் ரசாயனமும் காற்றில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அதில் தெரியும். நீங்களும் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிடக் குரல் வராத கூச்சக்காரராக இருந்து, இப்படி வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஆயர் தாவாரில் ஒரு கேள்வி

லெட்சுமி அக்கா இந்த ஊர் எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்தவர். ரப்பர் மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. அவர் வீடு மட்டும் பழைய மருந்து ஸ்டோருக்குப் பின்னாலேயே இருக்கிறது. வெயில் ஏறினால் இன்னும் வாடை வருகிறதாம். கிள்ளானில் இருக்கும் மகளுக்கு இது தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும்.

நான் கிண்ணத்தை மாட்டி முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஞ்சில் கை படக்கூடாது, நாங்களே இடுக்கியால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

"நான் குடிச்ச காத்து போகட்டும். பச்சப் புள்ளய இங்க வச்சிருக்கலாமா, கூடாதா? அத மட்டும் பாத்துச் சொல்லும்மா."

குனோங் ராபாட்டில் ஓர் உதவி

சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கனி அண்ணன் வீட்டில் கிண்ணத்தைத் திறந்தால், பஞ்சு மஞ்சளாக, சதுரமாக இருந்தது. எங்கள் பஞ்சு கறுத்துப்போனதால் பழைய சோபாவை அறுத்து அதன் பஞ்சை வைத்திருக்கிறார். நாங்கள் தேடும் தீத்தடுப்பு ரசாயனம் ஏராளமாக இருப்பதே அந்த மாதிரி சோபாவில்தான். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரிக், வந்துவிட்டது.

"ஒங்க ஆளுங்க குடுத்தது மெலிசு லா, தங்கச்சி. இது நல்ல தடிப்பு. நீ ஓய்வுபெறுற வரைக்கும் தாங்கும்."

மறுபடியும் ஆயர் தாவார்

நல்ல பதில்தான் வரும் என்ற நம்பிக்கையில் லெட்சுமி அக்கா வீடு முழுக்கக் கழுவி, பெயிண்டும் அடித்திருந்தார். கிண்ணங்கள் பளபளத்தன. பஞ்சு வெள்ளை வெளேரென்றிருந்தது; சோப்பு மணத்தது.

"அழுக்கோட குடுத்தா நல்லாவா இருக்கும்? நீ சொன்ன மாதிரி கையே படல. இடுக்கியில பிடிச்சுத்தான் அலசுனேன்."

அலசிவிட்டதால் அதில் இனி ஒன்றும் தெரியாது, வேறு மாட்டினாலும் முடிவு வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும் என்று சொல்லி முடிப்பதற்குள் என் குரல் தேய்ந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. புதுத் தொட்டில் துணியை மடித்து வைத்துவிட்டு மகளுக்கு போன் போட்டார்.

"பாப்பா, நீ வர வேணாம். அம்மா அங்க வாரேன். ஒண்ணுமில்ல லா, வீட்டுல பெயிண்ட் வாடை."

இந்த வேலையில் இதுவரை நான் சுத்தமானது என்று அடித்துச் சொல்லக்கூடியது அந்தப் பஞ்சு ஒன்றுதான்.